சங்ககிரிக் கோட்டை யாருடைய பாட்டன் சொத்து?

ஆடி 18 நெருங்கினால் கொங்கு முழுக்கச் சங்ககிரிக்கு வண்டிகள் கிளம்பும். கொடி, தலைப்பாகை, குதிரை வீரன் படம் போட்ட பேனர். திருப்பூரில் பவர் டேபிள் ஓட்டும் நம் தம்பி தங்கைகளும் கல்லூரித் தோழர்களும் அந்தக் கோட்டையைப் பார்க்கப் போகிறார்கள். தாராளமாகப் போங்கள். சாதிக்கொடிக்காரன் சொல்லும் கதையை மட்டும் அப்படியே சுமந்துகொண்டு இறங்காதீர்கள்.

அது ஓர் எல்லைக் கோட்டை. 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் சேலம் பகுதியைத் திப்புவிடமிருந்து கம்பெனி பிடுங்கிக்கொண்டது. 1799-ல் திப்பு வீழும்வரை காவிரிக்கு மேற்கே கோயம்புத்தூர்ச் சீமை மைசூரிடம், கிழக்கே சங்ககிரி கம்பெனியிடம். கைமாறிக் கைமாறி வந்த ராணுவத் தளம் அது. எந்தச் சாதிக்கும் பூர்வீக வீடு இல்லை. தீரன் சின்னமலையே அங்கே கைதியாகத்தான் கொண்டுவரப்பட்டார். 1805-ல் வெள்ளையன் அவரைத் தூக்கிலிட்ட இடத்தில் நின்றுகொண்டு "எங்க கோட்டை" என்று முழங்குவது என்ன வகை வீரமோ!

சின்னமலையின் படையில் பொல்லான் இருந்தார். அருந்ததியர். கம்பெனிப் படையின் நடமாட்டத்தைச் செருப்புக்குள் ஓலை வைத்துத் தைத்துச் சின்னமலைக்கு அனுப்பியவர் என்று மக்கள் சொல்கிறார்கள். சின்னமலையைத் தூக்கிலிடுவதற்குச் சில நாள் முன்பு, ஆடி 1 அன்று, அறச்சலூர் நல்லமங்காபாளையத்தில் பொல்லானை வெள்ளையர்கள் சுட்டுக் கொன்றார்கள். சின்னமலையைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் சமையல்காரன் நல்லப்பனின் பெயர் ஊருக்கே மனப்பாடம். அவருக்காகச் செத்த பொல்லானின் பெயரை எத்தனை பேனரில் பார்த்திருக்கிறீர்கள்? ஈரோடு மாவட்டம் ஜெயராமபுரத்தில் அவருக்கு அரசு மணிமண்டபம் திறக்க 2025 வரை ஆனது. 220 வருடம். அதுவும் அருந்ததியர் அமைப்புகள் கேட்டுக் கேட்டு வாங்கியது.

இது வெறும் மறதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்னமலை பெயரில் கவுண்டர் பேரவை நடத்திய யுவராஜ் என்ன செய்தார்? 2015 ஜூனில் தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜைத் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்திக் கொன்ற வழக்கில் அவர் ஆயுள் கைதி. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. செருப்புத் தைத்தவர் கையிலிருந்து வந்த ஓலையை நம்பிப் போர் நடத்தியதாகச் சொல்லப்படும் ஒரு மனிதரின் பெயரைச் சாதி எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள். நம் பக்கத்திலேயே, அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், 2018-ல் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்க விடாமல் தடுத்தார்கள். பொல்லானின் உளவு வேண்டும், பொல்லானின் பேத்தி கைச்சோறு வேண்டாம். பேனர் கட்டும் அண்ணன்மார்கள் இதற்கு ஒரு பதில் சொல்லட்டும்.

அடுத்த ஆடியில் 18-ம் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். ஆடி 1 அன்றே கிளம்புங்கள். கம்பெனியில் லீவு தரமாட்டார்கள் என்றால் அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் நல்லமங்காபாளையம், பிறகு ஜெயராமபுரம், கடைசியில் சங்ககிரி மலை. மேலே நின்று படம் எடுத்துப் போடும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். "கோட்டையைப் பாக்க வந்த இடத்துல எதுக்குப்பா சாதி பேசறீங்க?" என்று எவராவது கேட்டால், அவர் வண்டியில் என்ன கொடி கட்டியிருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.