வயலை ஈடு வைக்குமுன்

கொல்லங்கோட்டில் ஒரு பிள்ளை ஆராய்ச்சிக்காக ஐரோப்பா செல்ல விரும்பினால், நெல்வயலை ஈடு வைத்துக் கடன் பெறுவதே வீட்டாரின் முதல் நினைவாக எழுகிறது. இதனை மாற்றிக்கொள்ள வேண்டும் எனக் கருதுகிறோம்.

1914-இல் சீனிவாச இராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது, சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. அதில் 50 பவுண்டு ஊரிலிருந்த குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. ஆராய்ச்சி என்பது பிறர் ஊதியம் தந்து செய்விக்கும் பணி என்பதற்கு இது சான்று.

இன்றும் அவ்வழி அடைபடவில்லை. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் முனைவர் பட்ட ஆய்வாளர் பலர் ஊதியம் பெறும் பணியாளரே. முனைவர் பட்டம் பெற்றோர்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வுதவி உண்டு, எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆயினும், செல்லவிருக்கும் நாட்டில் கடந்த 36 மாதங்களுள் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருத்தல் பொதுவாக ஆகாது. கடன் வாங்கி முதலில் அங்கே சென்று தங்கி, பின்னர் விண்ணப்பிக்க நினைப்போர் இவ்வாய்ப்பை இழக்கக்கூடும்.

முதுகலைப் படிப்புக்குக் கல்விக்கடன் துணைநிற்கும். ஆராய்ச்சிக்கோ, முதலில் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அது கிட்டாதபோது கடனைப் பற்றிப் பேசலாம். கடன் வழங்கும் வங்கியின் இதழிலேயே இதனை எழுதுகிறோம்.