மொய் நோட்டில் எழுதப்படாத வட்டி

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரங்களிலும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதியிலும் மொய் விருந்துகள் தொடங்கிவிடும். திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா என எதுவும் இருக்க வேண்டியதில்லை. மொய் வாங்குவதற்கென்றே அழைப்பிதழ் அச்சடித்து, ஆட்டுக்கறி சமைத்து, ஊரை அழைத்து உட்கார வைக்கிறார்கள். ஒரே பந்தலில் பல குடும்பங்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி மேசை, தனித்தனி நோட்டு, எழுத ஓர் ஆள், எண்ண ஓர் ஆள். அண்மைக் காலமாகப் பணம் எண்ணும் இயந்திரமும் கணினி ரசீதும் வந்துவிட்டன. ஆண்டுதோறும் இதைப் பற்றி வரும் செய்தி பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும்: இத்தனை கிலோ கறி, இத்தனை கோடி வசூல். வாசிப்பவர் வியந்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்த எனக்கு வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் பத்திரம் இல்லை, பிணை இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. கொடுத்தது வரவில்லை என்று நீதிமன்றத்தில் முறையிட வழியும் இல்லை. இருந்தும் கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்பி வருகிறது. கையில் சொத்துப் பத்திரமும் பக்கத்தில் வழக்குரைஞரும் வைத்திருக்கும் வங்கிகளே வாராக் கடனோடு மல்லுக்கட்டும் நாட்டில், நாற்பது பக்க நோட்டு ஒன்று இதை எப்படிச் சாதிக்கிறது?

தன்னலமே மனிதனை இயக்குகிறது என்ற அனுமானத்தின்மீது பொருளியல் நெடுங்காலம் நின்றது. அந்த அனுமானப்படி, விருந்து முடிந்து பணத்தை எண்ணிய மறுநாளே மொய் நோட்டைக் கிழித்துப் போடுபவன்தான் அறிவாளி. 1982-ஆம் ஆண்டு ஜெர்மானியப் பொருளியலாளர் வெர்னர் கூத்தும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை நடத்தினர். இருவரில் ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, மற்றவருக்கு எவ்வளவு தருவாய் என்று முடிவு செய்யச் சொன்னார்கள். மற்றவர் ஏற்றுக்கொண்டால் இருவருக்கும் பணம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு காசு கொடுத்தாலும் லாபம்தானே என்று இரண்டாமவர் ஏற்பார் என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் மிகக் குறைந்த பங்கைப் பலரும் மறுத்தார்கள். தமக்கு வரவேண்டியதை இழந்தாவது மற்றவரின் பேராசையைத் தண்டித்தார்கள்.

பின்னர் ஜோசப் ஹென்ரிக் தலைமையிலான மானிடவியலாளர்களும் பொருளியலாளர்களும் இதே சோதனையை உலகின் பல மூலைகளில் உள்ள 15 சிறு சமூகங்களில் நடத்தி, 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். கூட்டாகத் திமிங்கில வேட்டையாடும் இந்தோனேசியாவின் லமலேரா மக்கள் சராசரியாகப் பாதிக்கும் மேல் கொடுத்தார்கள். பெருவின் காடுகளில் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் மச்சிகெங்கா மக்கள் ஏறத்தாழ கால் பங்கு மட்டுமே கொடுத்தார்கள். அதையும் மற்றவர் மறுப்பது அரிது. பாப்புவா நியூ கினியின் ஆவ், க்னாவ் மக்களிடம் கண்டதுதான் விசித்திரம். பாதிக்கும் மேல் கொடுத்தாலும் சிலர் வேண்டாம் என்றார்கள். அங்கே பெரிய அன்பளிப்பைப் பெற்றவன் கொடுத்தவனுக்குக் கட்டுப்பட்டவன். கேட்கும்போது திருப்பித் தந்தாக வேண்டும். சும்மா வரும் பணத்தை மறுத்த அந்த மக்களைப் பேராவூரணியில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

பெற்றதைத் திருப்பித் தரத் தூண்டும் உந்துதல் மனிதனுக்கு மட்டும் உரியதும் அன்று. கோஸ்டாரிகாவில் குருதியுண்ணும் வௌவால்களை ஆராய்ந்த ஜெரால்டு வில்கின்சன், இரை கிடைக்காமல் திரும்பிய வௌவாலுக்கு உடன் தங்கும் வௌவால் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுவதை 1984-இல் எழுதினார். தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் பட்டினி கிடந்தால் செத்துவிடும் உயிர் அது. இன்று உனக்கு, நாளை எனக்கு என்ற ஏற்பாடு அதன் உயிர்க் காப்பீடு. மனிதனிடம் உள்ள இந்த இயல்பூக்கத்தின்மீது சமூகம் கட்டிய வீடுதான் மொய். யாருக்கு, எப்போது, எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதெல்லாம் ஊர் வகுத்த நெறிகள். வறியவர்க்கு ஈவதையும் ஊரோடு ஒத்துக் கொடுத்து வாழ்வதையும் வள்ளுவர் ஈகை, ஒப்புரவறிதல் என இரண்டு அதிகாரங்களாகப் பிரித்து வைத்தார். மொய் இரண்டாவதைச் சேர்ந்தது. அதைத் தருமம் என்று புகழ்வோரும் வெறும் வசூல் என்று ஏசுவோரும் அதன் கணக்கைப் பார்ப்பதில்லை.

அந்தக் கணக்கு நுட்பமானது. ஒருவர் எனக்கு 1,000 ரூபாய் மொய் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். ஐந்தாண்டு கழித்து அவர் விருந்து வைக்கும்போது நான் அதே 1,000 ரூபாயைத் திருப்பினால் அவருக்கு நட்டம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் அன்றைய 1,000 ரூபாயின் மதிப்பு ஏறத்தாழ 750 ரூபாயாகக் குறைந்திருக்கும். ஆகவே வழக்கப்படி நான் மேலே போட்டு, 2,000 எழுதுகிறேன். இதில் முதல் ஆயிரம் பழைய கடனின் அடைப்பு. அடுத்த ஆயிரம் நான் அவருக்குக் கொடுக்கும் புதிய கடன். இப்போது அவர் எனக்குக் கடமைப்பட்டவர். இப்படி ஒவ்வொரு விருந்திலும் ஒரு முடிச்சு அவிழ்ந்து இன்னொரு முடிச்சு விழும். வாங்கியதை மட்டும் அப்படியே திருப்பிக் கொடுத்தால், இனி உறவு வேண்டாம் என்று சொல்லாமல் சொல்வதாகப் பொருள். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் கொடை பற்றி எழுதிய நூலில் கொடுத்தல், ஏற்றல், திருப்புதல் என்ற மூன்று கட்டாயங்களைக் குறிப்பிட்டார். நம்மூர் மொய் நோட்டில் நான்காவது ஒன்றும் உண்டு: கணக்கு ஒருபோதும் நேராகிவிடக் கூடாது.

இந்த ஏற்பாடு பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டியவர், மகளைக் கல்லூரியில் சேர்த்தவர், கந்துவட்டிக்காரரிடமிருந்து நிலத்தை மீட்டவர் என அப்பகுதியில் பலரை நான் அறிவேன். 5 லட்சம் ரூபாயை 12 விழுக்காட்டு வட்டிக்கு நகைக் கடனாக வாங்கினால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். விருந்துச் செலவைக் கழித்தாலும் மொய்ப் பணம் மலிவு.

ஆனால் இதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒருவர் வீட்டில் மட்டும் துன்பம் வந்தால் ஊர் தாங்கும். ஊருக்கே துன்பம் வந்தால் யார் தாங்குவது? 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இப்பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. கொடுக்க வேண்டியவர், வாங்க வேண்டியவர் இருவரின் தோப்பும் ஒரே இரவில் விழுந்தது. அடுத்து வந்த ஆடியில் மொய் வசூல் சுணங்கியது. 2020-இல் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் கூட்டம் கூட்டவே முடியவில்லை. வரிசையில் காத்திருந்தவர்கள் கொடுத்து முடித்திருந்தார்கள், வாங்க முடியவில்லை.

இதைவிடக் கவலை தருவது, வெளியேற வழியில்லை என்பது. இருபது ஆண்டுகளாகப் பலருக்கும் எழுதி வந்த ஒரு சிறு விவசாயி, இனி இது வேண்டாம் என்று ஒதுங்கினால், இதுவரை கொடுத்தது போயிற்று. இழப்பின் வலி அதே அளவு ஆதாயத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதியதை நாங்கள் வகுப்பில் வரைபடம் போட்டு விளக்குவோம். மொய் நோட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு வரைபடம் தேவையில்லை. ஆகவே கொடுத்ததைக் காப்பாற்றிக்கொள்ள மேலும் கொடுக்கிறார். ஒரே ஆடியில் முப்பது அழைப்பிதழ் வரும் வீட்டில் அந்த மாதக் கையிருப்பு போதாது. மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. வட்டியில்லாக் கடனைத் திருப்ப வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது. நோட்டில் எழுதப்படாத அந்த வட்டியை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. சொந்த விருந்து வைக்கும் தெம்பில்லாத கணவனை இழந்த பெண்ணும் நிலமற்ற கூலித் தொழிலாளியும் இதில் எப்போதும் கொடுப்பவர்களாகவே நின்றுவிடும் அபாயம் உண்டு.

அரசும் வங்கிகளும் இந்தச் சுமையைக் காண்பதில்லை. நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் மாதத் தவணைகள் மொத்த வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி வகுத்தது. நல்ல விதி. ஆனால் கடன் விண்ணப்பத்தில் மொய்க்கு ஒரு கட்டம் கிடையாது. கடன் தகவல் நிறுவனங்களின் பட்டியலிலும் அது ஏறாது. பாதி வருமானம் தவணைக்குப் போகும் குடும்பத்தில் மீதிப் பாதியில் எவ்வளவு மொய்க்கென்று ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டது என்பது கடன் தருபவருக்குத் தெரியாது. கடனை மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழகச் சட்டப்பேரவை ஒரு சட்டம் இயற்றியது. வீட்டு வாசலில் நின்று கத்தும் வசூல்காரரை அச்சட்டம் தடுக்கலாம். மொய்க்கு எவரும் வாசலில் வந்து நிற்பதில்லை. பந்தலில் உங்கள் பெயர் காணப்படாத செய்தி மாலைக்குள் தேநீர்க் கடைக்கு வந்துவிடும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் சட்டத்துக்கு ஒரு குழப்பமும் உண்டு. உறவினர் அல்லாதோரிடமிருந்து ஆண்டுக்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வரும் அன்பளிப்பை வருமான வரிச் சட்டம் வருமானமாகக் கருதுகிறது. திருமணப் பரிசுக்கு விலக்கு உண்டு. மொய் விருந்தில் மணமக்கள் இல்லை. வாங்கியவர் அதைக் கடன் என்பார், அழைப்பிதழோ அன்பளிப்பு என்னும்.

அப்படியானால் முறைப்படுத்திவிடலாமே, சீட்டு நிறுவனங்களுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோல மொய்க்கும் பதிவு, ஒப்பந்தம், தாமதக் கட்டணம் என்று வைத்துவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் யூரி நீசியும் ஆல்டோ ரஸ்டிச்சினியும் செய்த ஆய்வு 2000-இல் வெளியானது. குழந்தையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. ஆசிரியை காத்திருப்பாரே என்ற கூச்சம் அதுவரை பெற்றோரை விரட்டியது. அபராதம் வந்ததும் அது காசு கொடுத்து வாங்கும் சேவையாகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. மொய்யில் ஒப்பந்தத்தை நுழைத்தால் அதன் ஒரே பிணையான அந்தக் கூச்சத்தை நாமே அழித்துவிடுவோம். கணினி ரசீதையே நான் சற்று ஐயத்தோடுதான் பார்க்கிறேன். கையெழுத்து நோட்டுக் காலத்தில் கரையான் அரித்தது, மழையில் நனைந்தது, ஏழையின் பாக்கி மறந்துபோனது என்றெல்லாம் சொல்லி விட்டுக்கொடுக்க இடமிருந்தது. கணினி எதையும் மறப்பதில்லை.

வழக்கத்தை மாற்ற முடியாதா என்றால், முடியும், தனியொருவரால் முடியாது. சீனத்தில் பல நூற்றாண்டுகள் நீடித்த, பெண்குழந்தைகளின் பாதங்களைக் கட்டிச் சிறிதாக்கும் கொடுமையை எடுத்துக்கொள்ளலாம். அது தீங்கு என்று பெற்றோர் பலருக்கும் தெரியும். ஆனால் தன் மகளுக்கு மட்டும் கட்டாமல் விட்டால் மாப்பிள்ளை கிடைக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய சங்கங்கள் குடும்பங்களை ஒன்றுகூட்டி இரண்டு உறுதிமொழிகளை வாங்கின: எங்கள் பெண்களுக்குப் பாதம் கட்டமாட்டோம், பாதம் கட்டிய பெண்ணை எங்கள் மகன்களுக்கு எடுக்கமாட்டோம். போதிய குடும்பங்கள் சேர்ந்ததும் ஒரு தலைமுறைக்குள் வழக்கம் சரிந்தது. ஜெரி மேக்கி 1996-இல் எழுதிய கட்டுரை இதை விரிவாக ஆராய்கிறது. மொய்யை அந்தக் கொடுமையோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. அது அழிய வேண்டும் என்றும் நான் கருதவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால்தான் ஒவ்வொருவரும் நகர முடியும் என்ற கணக்கு இரண்டுக்கும் பொது.

ஆகவே ஊர்க்கூட்டம் முடிவு செய்யக்கூடியவை சில உண்டு. மேலே போடும் தொகைக்கு ஒரு வரம்பு கட்டலாம். புயல், பெருந்தொற்று போன்ற ஆண்டுகளில் எல்லோருடைய வரிசையும் ஓராண்டு தள்ளிப்போகும் என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். கூலித் தொழிலாளியும் துணையை இழந்தவரும் வாங்கியதை மட்டும் திருப்பி, வரவேண்டியதைப் பெற்று, பெயர் கெடாமல் விலக ஒரு நாளைக் குறிக்கலாம். அந்த நாளில் கணக்கை நேர் செய்வது பகையாகக் கொள்ளப்படாது என்று ஊர் ஒப்புக்கொண்டால் போதும். அதற்கு அரசாணை எதுவும் வேண்டாம். இதைச் சித்திரையிலேயே பேசிவிட வேண்டும். ஆனியில் அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விடும்.