செல்பியும் பொன்னாடையும்

அண்மையில் எங்கள் ஊரில் நடந்த நூல் வெளியீட்டு விழாவொன்றில் சிறப்புரை ஆற்றிய பேச்சாளர், இளைஞர்களைப் பிடித்தாட்டும் 'செல்பி நோய்' பற்றி அரைமணி நேரம் முழங்கினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கமே இதனை மனநோயென்று அறிவித்துவிட்டதாம். நாளொன்றுக்கு மூன்று படம் எடுப்பவன் நோயின் வாசலில் நிற்கிறானாம். ஆறு படம் போடுபவன் முற்றிய நோயாளியாம். சபை தலையாட்டியது. கடைசி வரிசையில் நின்ற என் மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுவோம். அச்சங்கம் அப்படி எதனையும் அறிவிக்கவில்லை. 2014இல் ஒரு நையாண்டிச் செய்தித் தளம் கட்டிவிட்ட கதை அது. மூன்று, ஆறு என்ற கணக்கும் அந்தக் கதையோடு பிறந்ததுதான். பகிடியை மெய்யென்று நம்பி மேடையேறுவது எழுதுகிறவனுக்கு அழகல்ல.

அந்தப் பகிடியையே தொடக்கமாகக் கொண்டு, மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர் ஜனார்த்தனன் பாலகிருஷ்ணனும் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்து மார்க் கிரிபித்ஸும் மெய்யாகவே ஓர் ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். இந்திய மாணவர்களிடம் கேட்டறிந்து, அவர்கள் கண்ட தூண்டல்கள் ஆறு: இருக்கும் இடத்தை மெருகூட்டி நினைவாக்குதல், பிறரோடு போட்டி, பிறர் கவனத்தை ஈர்த்தல், மனநிலையை மாற்றிக்கொள்ளல், தன்னம்பிக்கை தேடல், கூட்டத்தோடு ஒத்துப்போதல். இதற்கு நோயென்று பெயர் சூட்டுவதையே ஏற்காத உளமருத்துவர்களும் உளர்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த ஆறில் எது எம்மிடம் இல்லை? அன்றைய விழாவில் பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படம் சரியாக விழவில்லை என்று படப்பிடிப்பாளர் கைகாட்டினார். போர்த்திய பொன்னாடையைக் கழற்றி மறுபடி போர்த்தினார்கள். பேச்சாளரும் மறுபடி புன்னகைத்தார். முதல் பிரதி பெறுபவர், சிறப்புப் பிரதி பெறுபவர் என்று இருபது பேர் வரிசையில் வந்து, நூலை நெஞ்சோடு பிடித்து, கமெராவைப் பார்த்து நின்றார்கள். அவர்களுள் நானும் ஒருவன். மறுவாரம் பத்திரிகையைப் பிரித்ததும் நூலைப் பற்றிய குறிப்பையா, என் முகத்தையா முதலில் தேடினேன் என்று எவரும் கேட்காததால் தப்பினேன்.

ஆகவே ஆசை புதியதல்ல. அந்த ஆசையின் மேல் கட்டப்பட்ட வியாபாரம்தான் புதியது. ஆசிரியர் கலாசாலையில் ஸ்கின்னரைப் படித்தோம். எலி நெம்பை அழுத்தும் ஒவ்வொரு முறையும் உணவு கிடைத்து வந்து, பின் அது நின்றுபோனால், எலி விரைவில் விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி கொடுத்துப் பழக்கினாலோ, உணவு நின்ற பின்னும் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருக்கும். மீளவலியுறுத்தல் என்று பரீட்சைக்கு எழுதி மறந்துவிட்டோம். 2009இல் முகநூலில் 'லைக்' பொத்தான் வந்தது. இன்றைய படத்துக்கு நாலு விழுமா, நாற்பது விழுமா என்று தெரியாது. தெரியாததனால்தான் பிள்ளை நித்திரைக்கிடையிலும் எழும்பிப் பார்க்கிறது. இன்ஸ்டகிராம் பதின்ம வயதுப் பெண்கள் பலருக்குத் தம் உடல் பற்றிய மனக்குறையைக் கூட்டுகின்றது என்பதை அந்நிறுவனத்தின் சொந்த ஆய்வுகளே கண்டிருந்தன. பிரான்சஸ் ஹோகன் என்ற ஊழியர் ஆவணங்களை வெளியே கொண்டுவந்ததால் 2021இல் உலகம் அதை அறிந்தது. பேச்சாளரின் அரைமணி நேரத்தில் இதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. பிள்ளையை ஏசுவது சுலபம்.

என் வகுப்புப் பையன் ஒருவன், பதினொராம் ஆண்டு. பின்னேரங்களில் குளக்கட்டில் இருந்து படம் எடுப்பான், அழிப்பான், மறுபடி எடுப்பான். ஒருநாள் பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஏன் மகன், ஒரே படத்த இத்தன தரம் எடுக்கிறீங்க?"

"செரியா வருகுதில்ல சேர். மூக்குப் பெரிசா விழுகுது."

அவன் மூக்கில் குறையொன்றுமில்லை. ஓரடித் தூரத்தில் பிடிக்கும் கமெரா, ஐந்தடித் தூரத்துப் படத்தைவிட மூக்கை ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகக் காட்டும் என்று 2018இல் அமெரிக்க முகச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். கமெராவுக்கு மிக அண்மையில் இருப்பது மூக்கு, அதுதான் காரணம். கைத்தொலைபேசியை வாங்கி, ஐந்தடி பின்னால் போய் ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இதா சேர் என்ட மூக்கு?" என்றான். ஒரு வருடமாக அந்தப் பிள்ளை கைநீளத்துக்குள் தன்னை அளந்து, தன்னையே வெறுத்திருக்கிறான். அவனுக்கு நோயாளி என்ற பட்டம் எதற்கு? ஐந்தடி பின்னால் நின்று பார்க்க ஒரு மனிதர் போதும்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு. 2011 ஒக்டோபர் முதல் 2017 நவம்பர் வரையான செய்திகளைத் தொகுத்த இந்திய மருத்துவர்கள், செல்பி எடுக்கையில் 259 பேர் இறந்ததாகக் கணக்கிட்டனர். இந்தியாவிலேயே அதிகம், நீரில் மூழ்கியவர்களே அதிகம், இறந்தவர்களில் நான்கில் மூவர் வரை ஆண்கள். எங்கள் பிள்ளைகளும் குளத்துக்கும் கடலுக்கும் தண்டவாளத்துக்கும் அருகில்தான் வாழ்கிறார்கள். எச்சரிக்க வேண்டியது எமது கடமை. ஆனால் எச்சரிக்கையைக் கேட்க வேண்டுமானால், சொல்பவனிடம் பிள்ளைக்கு மதிப்பிருக்க வேண்டும்.

அந்த மதிப்பை நாம் எங்கே தொலைத்தோம்? கடந்த தவணை ஓர் அமைப்பினர் எமது பாடசாலைக்கு வந்து வறிய பிள்ளைகள் முப்பது பேருக்கு அப்பியாசக் கொப்பிகள் கொடுத்தார்கள். வாப்பாவை இழந்த சிறுமியொருத்தி கொப்பிக் கட்டை வாங்கிக்கொண்டு போகப் பார்த்தாள். "நில்லும்மா, இங்க பாரும்மா" என்று தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். அன்றிரவே அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. மறுநாள் அவள் பாடசாலைக்கு வரவில்லை. இடக்கைக்குத் தெரியாமல் வலக்கை கொடுக்க வேண்டுமென்று ஓதி வளர்ந்த சமூகம் நாம். குளக்கட்டுப் பையன் தன் முகத்தைத்தான் எடுத்தான். நாமோ பிறர் பிள்ளையின் வறுமையை எடுத்தோம். இதில் எது நோய்?

அன்று நானும் அந்த மண்டபத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அடுத்த முறை கொப்பி கொண்டு வருபவர்களிடம் கமெராவை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லப் போகிறேன். கொப்பி வராமல் போனாலும் போகட்டும். எழுத்தாள நண்பர்களே, நீங்களும் அடுத்த பொன்னாடையை ஒருமுறை மட்டும் போர்த்திக்கொள்ளுங்கள். படம் விழாவிட்டால் விழாமலே போகட்டும். அதன்பின் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வருவோம்.