மறதி என்னும் மன்னிப்புச் சீட்டு

நாவல் என்ற பெயரைக் கேட்டவுடனே காதைப் பொத்திக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் நான். தமிழ் நாவல் தவழத் தொடங்கிய காலத்திலேயே, 1885-இல், கண்டி அறிஞர் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதி நம் சமுதாயத்துக்குப் பெருமை தேடித் தந்தார். குழந்தைப் பருவத்தில் களவாடப்பட்ட பிள்ளை தன் பிறப்பை அறியும் அக்கதையிலும் மர்மம் உண்டு, திடுக்கிடும் திருப்பம் உண்டு. ஆகவே மர்மத்தோடு எனக்குப் பகையில்லை.

என் வழக்கு வேறு. 1908-இல் இலண்டனில் தோன்றிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தை, 1949-இல் கனடாவில் பிறந்த ஹார்லிக்வின் நிறுவனம் 1971-இல் விலைக்கு வாங்கிற்று. 1984-இல் காதலையும் கொலைமர்மத்தையும் கலந்து 'இன்ட்ரீக்' என்றொரு வரிசையையும் தொடங்கிற்று. வாடகை நூலகங்களின் வழியே நம் ஊர்களுக்கு வந்த இவ்வகை நூல்களை, இன்று நம் பெண்மக்கள் கைப்பேசித் திரையிலேயே படிக்கின்றனர்.

இவற்றில் அடிக்கடி வரும் கதை ஒன்று உண்டு. மங்கையொருத்தி மருத்துவமனைக் கட்டிலில் கண் விழிக்கிறாள். தன் பெயர் தெரியவில்லை. வயிற்றிலோ ஐந்து மாதக் கரு. கொலைகாரன் துரத்துகிறான்; கட்டழகன் ஒருவன் காக்கிறான். இறுதியில் பார்த்தால் அவனே குழந்தையின் தந்தை! சில நூல்களில் மறப்பவன் ஆண். பிள்ளையைச் சுமந்துகொண்டு காத்திருப்பவள் பெண்.

மருத்துவம் இதை ஏற்குமா? வலிப்பு நோய்க்காக 1953-இல் அமெரிக்காவில் மூளை அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசன், 2008-இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்த இயலாதவராயிருந்தார். ஆயினும் தம் பெயரையோ பெற்றோரையோ அவர் மறந்தாரில்லை. தலையில் அடிபட்டவர் விபத்தையொட்டிய நேரத்தை மறப்பதுண்டு. பெயரும் ஊரும் உறவும் ஒருசேர அழிந்து, உரிய அத்தியாயத்தில் உரிய வரிசையில் திரும்புவதெல்லாம் கதாசிரியர் செய்யும் வைத்தியம்.

மருத்துவப் பிழையைப் பொறுக்கலாம், அறப்பிழையைப் பொறுப்பதெப்படி? இத்தந்திரம் புதிதுமன்று. மகாபாரதத்துத் துஷ்யந்தன் சகுந்தலையை நன்கறிந்தே, அறியேன் என்று சபையில் மறுக்கிறான். பின்வந்த காளிதாசரோ முனிவரின் சாபத்தையும் தொலைந்த மோதிரத்தையும் கொணர்ந்து, அரசனை மறதியால் பிழைத்தவனாக்கி விடுகிறார். பொய் மறதியாயிற்று, குற்றவாளி பரிதாபத்துக்குரியவனானான்! மேனாட்டு நாவலாசிரியர் கையில் சாபத்துக்குப் பதில் தலைக்காயம். வேறுபாடு அவ்வளவே.

நம் ஃபிக்ஹு நூல்கள் இங்கே எத்துணைத் தெளிவு! நோன்பாளி மறந்து உண்டால் நோன்பு முறிவதில்லை என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின் முடிவு. அது அல்லாஹ்வின் உரிமை, அவன் மன்னிக்கிறான். ஆனால் மறதியால் பிறர் பொருளை அழித்தவன் ஈடு கட்டியே தீரவேண்டும். வாங்கிய கடனை மறந்தால் கடன் தீர்ந்துவிடாது. மறதி பாவத்தை நீக்கும். அடியார்க்குரிய ஹக்கை நீக்காது. கருவிலிருக்கும் சிசுவுக்கோ, பிறக்கும் முன்பே வாரிசுரிமையில் பங்கு ஒதுக்கி வைக்கிறது ஷரீஅத்து. அச்சிசுவை இந்நாவல்கள் கதைமுடிச்சை அவிழ்க்கும் வெறும் துப்பாக்கி விட்டன. கருப்பைக்கு அரபியில் 'ரஹிம்' என்று பெயர். 'ரஹ்மத்' என்னும் அருளும் அதே வேரில் கிளைத்த சொல். அருளின் இருப்பிடத்தை வாணிபச் சரக்காக்கலாமோ?

"பொழுதுபோக்குக் கதைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, ஹஸ்ரத்?" என்பீர்கள். நம் பெண்கள் இவற்றை ஏன் விரும்பிப் படிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? தலையில் அடியே படாமல் மறந்துபோன ஆண்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். சபுருக்குப் போன கணவனின் கடிதத்துக்காகக் கடற்கரை ஊர்களில் ஆண்டுக்கணக்கில் வாசல் பார்த்திருந்த பாட்டிமார் எத்தனை பேர்! அங்கே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டு, இங்குள்ள பிள்ளையின் முகமறியாமலே மாண்டவர் எத்தனை பேர்! நிக்காஹ் பதிவேட்டில் எழுதிய மஹரை மவுத்துவரை நினையாதவர் எத்தனை பேர்! இத்தகைய வீட்டில் வளர்ந்தவளுக்கு, 'அவன் மறந்தது அவன் குற்றமன்று. நினைவு வந்ததும் திரும்பி வருவான்' என்று சொல்லும் கதை தேனாக இனிக்காதா? அந்த இனிப்பையே நான் அஞ்சுகிறேன். மன்னிப்பைக் கேளாதவனையும் மன்னிக்க அது பழக்கிவிடும்.

'இன்ஸான்' என்னும் சொல் 'நிஸ்யான்' என்ற மறதியிலிருந்து வந்தது என்பர் ஒரு சாரார். 'உன்ஸ்' என்ற நேசத்திலிருந்து வந்தது என்பர் மறு சாரார். மனிதன் மறப்பவனே. அதனாலன்றோ கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று கட்டளையிட்டது திருமறை! வள்ளுவரும் பொச்சாவாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார்.

ஆகவே தந்தையரே, மகளின் கையிலிருந்து புத்தகத்தைப் பறிக்காதீர்கள். முதலில் உங்கள் மஹர்க் கடனை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பிறகு அவளருகே அமர்ந்து ஒன்றைக் கேளுங்கள்: "அவன் மறந்திருந்த நாளெல்லாம், அந்தப் பிள்ளைக்குப் பாலுக்கும் சோற்றுக்கும் வழி செய்தது யார், மகளே?" அக்கேள்விக்கு விடை தேடிக்கொண்டு அவள் எந்த நாவலையும் படிக்கட்டும்.