பூனை முங்கிய தொட்டி

ரிட்டர்ன் கிஃப்ட் என்ற சமாசாரத்தின் மேல் இந்தப் பத்திக்காரருக்கு உள்ள கடுப்பு பழைய வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். எவர்சில்வர் டப்பாக்களைப் பற்றி அவர் புலம்பியதற்கு வந்த கடிதங்கள் இன்னும் மேசையில் கிடக்கின்றன. இந்த வாரம் அந்த டப்பாவே தேவலை என்றாகிவிட்டது. மூன்றாவது மாடிக் குழந்தையின் பிறந்தநாளுக்குப் போன பேத்தி, ஒரு கையில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் மறு கையில் உப்பிய பாலித்தீன் கவருமாக வந்து நின்றாள். கவருக்குள் சுண்டுவிரல் நீளத்தில், இரட்டை வாலோடு ஒரு தங்கமீன்.

"தாத்தா, இது எவ்ளோ பெருசாகும்?"

கொடுத்தவர்கள் யாரும் கேட்டுக்கொள்ளாத கேள்வி. நல்லபடியாக வளர்ந்தால் இரட்டை வால் ரகம் அரை அடியைத் தாண்டும். ஒற்றை வால் ரகம் ஓரடியைத் தொடும். பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை, 43 வருஷம் இருந்து கின்னஸில் இடம்பிடித்தது. கிண்ணத்தை அளந்து பார்த்தார். மூன்று லிட்டர்.

மறுநாள் காலை கொளத்தூருக்கு வண்டியை விட்டார். தெருத் தெருவாக மீன்கடை. ஒரு கடைக்காரர் கிண்ணத்தின் கதையைக் கேட்டுச் சிரித்தார். "ஒண்ணும் ஆவாது சார். தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் கோல்டு ஃபிஷ் வளரும்."

இந்த ஒரு வாக்கியம் எத்தனை மீனைக் கொன்றிருக்கும்! தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. நாள் முழுக்க மேயும், நாள் முழுக்கக் கழிக்கும். செவுள் வழியாக அம்மோனியா வேறு. ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவு தொந்தரவில்லாத நைட்ரேட்டாக்க வேண்டும். அவை குடியேறவே நாலைந்து வாரம் பிடிக்கும். மூன்று லிட்டரில் அதுவரை மீன் தன் கழிவையே சுவாசித்துக்கொண்டிருக்கும். போதாததற்கு, உருண்டைக் கிண்ணத்தைக் கழுத்து வரை நிரப்பினால் காற்றுப்படும் மேற்பரப்பு தோசைக்கரண்டி அகலத்துக்குச் சுருங்கிவிடும். இப்படி நொந்து குறுகிப்போவதற்குத்தான் 'ஏத்த மாதிரி வளர்றது' என்று பெயர்.

சென்னைக்காரருக்கு லிட்டரைவிடக் கேன் கணக்கு எளிது. கேனுக்கு 20 லிட்டர். ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை பிடிப்பது 56 லிட்டர். மூன்று கேன்கூட இல்லை. இரட்டை வால் ஒன்றுக்கே 75, 80 லிட்டர் வேண்டும் என்பார்கள் வளர்த்துப் பழகியவர்கள். கூட ஒன்று சேர்ந்தால் இன்னும் 40. ஆக, மூணடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம்: 127 லிட்டர், ஆறு கேன் சொச்சம். ஒற்றை வாலுக்கு நாலடித் தொட்டியே ஆரம்பம்தான், குளம் உத்தமம். (கேன் அளவுக்கு மட்டும். ஆர்.ஓ. தண்ணீரில் மீனுக்கு வேண்டிய உப்புகள் இருக்காது. குழாய்த் தண்ணீரைக் குளோரின் முறித்து ஊற்றலாம்.)

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்ல வாயெடுத்தபோதுதான் கடைப் பூனை ஒன்று தொட்டி மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தது. பத்திக்காரரின் புத்தி 1747-க்குப் போய்விட்டது.

அந்த வருஷம் லண்டனில் ஹொரேஸ் வால்போல் வீட்டில் ஒரு சாவு. பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் மகன் இவர். இவருடைய பூனை செலிமா, நீலப் பூ வேலை செய்த சீனப் பீங்கான் தொட்டியிலிருந்த தங்கமீனை எட்டிப் பிடிக்கப் போய், தவறி விழுந்து மூழ்கிச் செத்தது. நண்பரான கவிஞர் தாமஸ் கிரேக்குச் செய்தி போயிற்று. கிரேக்கு ஒரு சங்கடம். வால்போல் வீட்டில் இருந்தது ஒரு பூனை அல்ல. செத்தது எது என்று அவருக்கு நிச்சயமில்லை. யாருக்காகத் துக்கப்படுகிறோம் என்று முதலில் தெரிந்தால் தேவலை என்று பதில் எழுதிவிட்டு, பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற பூனைப் பாட்டை அனுப்பினார். துஷ்டி கேட்கப் போன வீட்டு வாசலில் 'போனது பெரியவரா, சின்னவரா' என்று விசாரிக்கும் ஆளை நமக்கும் தெரியும்.

பத்திக்காரர் கல்லூரியில் அந்தப் பூனைப் பாட்டைப் படித்தபோது, பேராசிரியர் ஒரு மணி நேரம் பூனையின் பேராசையைப் பற்றிப் பேசினார். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வளர்ந்த பூனை முங்கிச் சாகிற ஆழமும், அது ஏறி வர முடியாத உயரமும் அந்தத் தொட்டிக்கு இருந்திருக்கிறதே! சீனாவில் மிங் காலத்திலேயே இப்படிப் பெரிய பீங்கான் தொட்டிகளில் விட்டு, மேலிருந்து குனிந்து பார்த்துத்தான் ரசித்தார்கள். விரிந்த இரட்டை வாலின் அழகும் மேலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.

வால்போலும் அதோடு நிற்கவில்லை. ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் குளத்துக்குப் போ-யாங் என்று சீனப் பெயர் வைத்து மீன் வளர்த்தார். நண்பர்களுக்குத் தாராளமாகக் கொடுத்தும் அனுப்பினார். அவரும் ரிட்டர்ன் கிஃப்ட்காரர்தான், என்ன செய்வது! பூனை செத்த தொட்டியைப் பீடத்தில் ஏற்றிப் பாட்டின் முதல் வரிகளையும் எழுதிவைத்தார். 1842-இல் மாளிகைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அதை டெர்பி பிரபு வாங்கிப்போனார்.

பேத்தி கொண்டுவந்த கிண்ணத்தில் செலிமாவின் முன்னங்கால் நுழையும், அவ்வளவுதான். ரோம் நகராட்சி 2005-இல் உருண்டைக் கிண்ணத்துக்கே தடை போட்டதைக் கடைக்காரரிடம் சொன்னார். "அது ரோம் சார்" என்றார் அவர்.

மூணடித் தொட்டி, ஃபில்டர், மூடி எல்லாம் ஏற்றிக்கொண்டு வீடு வந்தாயிற்று. தண்ணீர் மட்டுமே 127 கிலோ என்பதால் ஷோகேஸ் பலகை தாங்காது, கூடத்து மூலையில் இரும்பு ஸ்டாண்டு போட்டிருக்கிறது. கிண்ணத்தை நன்றாகக் கழுவி வைத்திருக்கிறார். மணி பிளான்ட் வைக்க வேண்டும் என்பவர்கள் வந்து எடுத்துப்போகலாம். மீனுக்கு என்றால் கிடையாது.