எழுத்தளவை வாசகரிடம் விடுங்கள்

மின்னூல் தயாரிக்கும் பலர் இன்னும் அச்சகத்து மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுத்து 12 பாயிண்ட், சுற்றிலும் ஓர் அங்குல ஓரம் என்று இறுக்கிக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஏ4 தாளுக்கு அது அழகுதான். கைபேசித் திரையின் அகலமே மூன்று அங்குலத்துக்குள். இருபுறமும் ஓர் அங்குலம் போனால் எழுத்துக்கு என்ன மிச்சம்? அதிலும் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒன்று வந்தால் முழு வரியும் அதற்கே சரி. இருபக்கமும் சமமாக நிறுத்துகிறேன் என்று கிளம்பினால், அதற்கு முந்தைய வரியின் இரண்டு சொற்களுக்கு நடுவே மாட்டுவண்டியே போகலாம். இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் போதும் என்பது என் கட்சி. ஓரத்தைக் கிண்டில் போன்ற கருவிகளே விட்டுக்கொள்ளும். கோப்பில் நாமும் சேர்ப்பது வீண். உரைக்கு எழுத்தளவே குறிப்பிட வேண்டாம், தலைப்புக்கு மட்டும் 1.3 இஎம் என்று விகிதமாகச் சொன்னால் வாசகர் பெரிதாக்கும்போது அதுவும் கூடவே வளரும். பிக்சலில் பூட்டிவைத்தால் சில செயலிகளில் எழுத்து அசையவே அசையாது. (வெள்ளெழுத்துக்காரனின் சாபம் பொல்லாதது.) நாம் உண்மையில் மெனக்கெட வேண்டியது வரி இடைவெளிக்கு. ஆங்கிலத்துக்கு 1.2 போதுமென்றால் தமிழுக்கு 1.5-ஆவது வேண்டும்; இல்லாவிட்டால் மேல்வரி 'சூ'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். பழைய கருவி ஒன்றில் ஒருமுறை திறந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும். பலர் கணினித் திரையில் மட்டும் பார்த்துவிட்டு வெளியிட்டுவிடுகிறார்கள்.