பாண்டிக்கும் சீசன் உண்டு: கிழமை பார்க்காதீங்க, மாசம் பாருங்க

ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவுக்கு டூர் போடுகிறவர்கள் முதலில் மாதத்தைத்தான் முடிவு செய்வார்கள். பிப்ரவரி என்றால் சப்போரோ பனித் திருவிழா. ஜூலை என்றால் ஃபுரானோ லாவண்டர் தோட்டம். அதே ஆட்கள் புதுச்சேரின்னா மட்டும், ‘சனிக்கிழமை கிளம்பிடலாம்’ என்கிறார்கள். விளைவு? ஒயிட் டவுனில் கார் வரிசை, எகிறும் அறை வாடகை, மஞ்சள் சுவர் முன்னாடி நாலு செல்ஃபி.

இந்த ஊரின் நிஜ முகம் வேறு நாட்களில் தெரியும். மாசி மகத்தன்று மயிலம் முருகன் உட்பட பல ஊர் சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வடம் பிடித்தார். அந்த வழக்கத்தை இன்று துணைநிலை ஆளுநர் தொடர்கிறார். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய தினம். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய நம்மூர்க்காரர்கள் கடற்கரைச் சாலை போர் நினைவிடத்தில் கூடுவார்கள். இது எதுவும் வீக்கெண்ட் பார்த்து வருவதில்லை.

மழைக்காலத்தில் மட்டும் உஷார். 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில், ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நவம்பர், டிசம்பரில் வருவதென்றால், கேன்சல் செய்ய முடிகிற அறையாகப் பாருங்க.

டிசம்பர் 31 கூட்டத்துக்காக எடுக்கும் லீவை ஒரு தேர் நாளுக்கு மாத்திப் பாருங்க. செலவு குறையும், ஊரும் மூச்சு விடும்.